விற்கக் கொடுத்த ஓவியம் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரின் தெரு ஓவியச் சந்தையான சித்திரச் சந்தைக்கு மறுநாள் உங்கள் நாளிதழில் குமார கிருபா சாலையின் படங்களைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. சந்தையில் எங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. ஓவியம் என் பக்கத்திலேயே இருக்கும். வாங்குகிறவர் என் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போவார். விற்காததை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் அல்சூர் வந்து சேர்ந்துவிடுவேன். ஆனால் சந்தை வருஷத்தில் ஒரே நாள். மற்ற நாளெல்லாம் கடைகளை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. அந்தக் கடைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நான் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறவள். கும்பகோணத்தில் பிறந்து, தஞ்சாவூரில் பெரிய மாமாவிடம் தொழில் கற்றுக்கொண்டு, 1986-இல் கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தேன். வீட்டின் பின்கட்டு அறைதான் என் பட்டறை. பலகையில் துணி ஒட்டி, கோடு போட்டு, சுண்ணப் பொடியும் கோந்தும் குழைத்து நகைக்கும் மண்டபத்துக்கும் மேடு எழுப்பி, கல் பதித்து, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில்தான் வண்ணம். முகத்தில் கண் திறப்பது எல்லாவற்றுக்கும் பிறகு. இரண்டடிக்கு மூன்றடி ராமர் பட்டாபிஷேகம் ஒன்று முடிக்க எனக்கு நாலு மாதம் பிடிக்கும். ரேக்குக்கு முதலிலேயே காசு கொடுத்துவிட வேண்டும். தங்கம் விற்கிற விலை எல்லோருக்கும் தெரியும். ஆக, கடையில் என் படம் ஒன்று மாட்டியிருக்கிறது என்றால் என் உழைப்போடு என் தங்கமும் அங்கே தொங்குகிறது.

2021 டிசம்பரில் நகரின் நடுவே இருந்த ஒரு கைவினைப் பொருள் கடையில் ஒன்பது ஓவியங்கள் கொடுத்தேன். விற்றால் முப்பது சதவீதம் அவருக்கு, மிச்சம் எனக்கு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். ரசீது கேட்டதற்கு, தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ‘9 பீஸ்’ என்று எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் ஒரு சுழி சுழித்துக் கொடுத்தார். வெண்ணெய் கிருஷ்ணனையும் பட்டாபிஷேகத்தையும் பீஸ் என்று எழுதியது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் இரண்டு விற்றன, பணமும் ஒழுங்காக வந்தது. அப்புறம் எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்: “இன்னும் போகலை அக்கா.”

2023 ஆடி மாதத்தில் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் இரண்டு பூட்டுகள். ஒன்று கடைக்காரருடையது, இன்னொன்று கட்டிடச் சொந்தக்காரர் போட்டது. பல மாத வாடகை பாக்கி என்றார்கள். கடைக்காரரைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். கொரோனாவில் பட்ட கடனிலிருந்து அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆனால் அவருடைய கடனுக்கு என் ராமரும் சீதையும் எப்படி ஈடாக முடியும்?

மூன்று வாரம் அலைந்த பிறகு கட்டிடக்காரர் ஒருநாள் ஷட்டரைத் தூக்கிவிட்டார். உள்ளே ஒரே ஈர வாடை. ஐந்து ஓவியங்கள் இருந்தன. மற்ற இரண்டும் விற்றுப் போயிருக்க வேண்டும், அந்தப் பணம் என்னிடம் வரவில்லை. பட்டாபிஷேகம் சுவரைப் பார்த்துச் சாத்தி வைத்திருந்தது. திருப்பினேன். கீழ்ப்பக்கம் ஈரம் ஏறி, அனுமார் மண்டியிட்டிருக்கிற இடத்தில் மேடு விண்டு, ரேக்கு தோலாக உரிந்து நின்றது. கிரீடத்துக் கல் இரண்டு தரையில் கிடந்தன. பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஒவ்வொரு பலகையின் பின்னாலும் வலது மூலையில் முடித்த நாளைப் பென்சிலால் எழுதி வைப்பது என் வழக்கம், மாமா சொல்லிக் கொடுத்தது. அதைக் காட்டினேன். “பின்னால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், உங்கள் பொருள் என்றால் பில் காட்டுங்கள்” என்று கன்னடத்தில் சொன்னார் கட்டிடக்காரர். விசிட்டிங் கார்டை நீட்டினேன். ஒன்பது பீஸ், சரி, எந்த ஒன்பது? காவல் நிலையத்தில், இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெருப் பெரியவர் ஒருவர் இடையில் பேசி மூன்று சின்னப் படங்களை வாங்கிக் கொடுத்தார். பெரியது இரண்டும் வாடகைக்காக இன்றுவரை அங்கேதான் இருக்கின்றன.

என் தம்பி மகள் சிவில் கோர்ட்டில் வக்கீல். அவளிடம் போனபோது முதலில் கேட்டது இதைத்தான்: “அத்தை, கமிஷனுக்கு விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்தீர்களா, இல்லை, வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுங்கள் என்று கொடுத்தீர்களா?” இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் எனக்குத் தோன்றியது. கமிஷனுக்கு என்றால், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி கடைக்காரர் என் ஏஜென்ட். படம் என்னுடையது, விற்ற பணத்தை அவர் என்னிடம் கொடுத்தாக வேண்டும். மற்றது என்றால், 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வருகிறது. வேண்டாம் என்றும் சொல்லாமல், திருப்பியும் தராமல், நியாயமான காலத்துக்கு மேல் அவர் வைத்துக்கொண்டால் பொருள் அவருடையதாகிவிடும். அப்புறம் நான் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான். இரண்டில் எது என்று காட்ட என்னிடம் காகிதம் இல்லை. இந்த ஊரில் கடைக்குப் படம் கொடுக்கிற எத்தனை பேரிடம் இருக்கும்?

அப்போதுதான் நியூயார்க் மாநிலச் சட்டம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து வந்து எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். 1966-இல் வந்த சட்டம், பிறகு கலை பண்பாட்டுச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஓவியரோ கைவினைஞரோ தன் படைப்பைக் கமிஷனுக்கு விற்கக் கடைக்காரரிடம் கொடுத்தால், அந்த நிமிஷமே அவர் கலைஞரின் ஏஜென்ட். படைப்பு அவர் கையில் இருக்கிற நம்பிக்கைப் பொருள், அதாவது கலைஞருக்காக அவர் காத்து வைத்திருக்க வேண்டிய பொருள். விற்று வந்த பணமும் அப்படியே. கடைக்காரரே விலைக்கு எடுத்துக்கொண்டாலும் முழுப் பணமும் கலைஞர் கைக்கு வரும்வரை அது நம்பிக்கைப் பொருள்தான். கடைக்காரருக்குக் கடன் கொடுத்தவர்கள் அதன் மேல் கை வைக்க முடியாது. வியாபார வழக்கம் வேறு மாதிரி இருந்தாலும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. கலைஞர் இறந்துபோனால் வாரிசுகளுக்கும் இதே பாதுகாப்பு. 2007-இல் அங்கே ஒரு பெரிய கேலரி திவாலாகி, பலருடைய ஓவியங்கள் சிக்கிக்கொண்டன. அதன் பிறகு 2012-இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். கலைஞரின் பணத்தைத் தனியாக வைக்க வேண்டும், மீறினால் குற்றம்.

அவள் படிக்கப் படிக்க எனக்கு அந்த இரண்டு பூட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. இப்படி ஒரு சட்டம் இங்கே இருந்திருந்தால் நான் பில் காட்ட வேண்டியிருந்திருக்காது. பின்பக்கப் பென்சில் எழுத்தே போதுமாக இருந்திருக்கும்.

நம் நாட்டில் கலைஞருக்குச் சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிற்பி அமர்நாத் சேகலின் கதையைப் பலரும் படித்திருப்பீர்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அவரைக் கேட்காமலே பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். 1992-இல் வழக்குப் போட்டார். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவை வைத்து, மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் இழப்பீடு தரவும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஓவியத்தை விற்ற பிறகும் அதன் மானத்தில் கலைஞருக்குப் பங்கு உண்டு என்று ஆனது பெரிய விஷயம். அதே சட்டத்தில் மறுவிற்பனைப் பங்குக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விலைபோனால் பத்து சதவீதம் வரை கலைஞருக்கு. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது, அது பெயரைக் காக்கும். ஆனால் இவை எதுவும் வாடகை பாக்கிக்காகப் பூட்டிய கடைக்குள் இருக்கிற படத்தை வெளியே கொண்டுவராது.

சிறுதொழில் சட்டத்தைச் சிலர் சொல்கிறார்கள். பதிவு செய்திருந்தால் 45 நாளுக்குள் பணம், தவறினால் வட்டி மேல் வட்டி. ஆனால் விற்றுத் தரக் கொடுத்த பொருளுக்கு அந்த 45 நாள் எப்போது தொடங்குகிறது என்பதே தனி வழக்காகிவிடும்.

மாநில அரசால் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். பதிப்புரிமை மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது, அதை நாம் தொட முடியாது. கலிஃபோர்னியா மாநிலம் 1976-இல் மறுவிற்பனையில் ஐந்து சதவீதம் கலைஞருக்கு என்று சட்டம் போட்டது. அது அமெரிக்க மத்திய அரசின் பதிப்புரிமைச் சட்டத்தோடு மோதுகிறது என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அநேகமாக முழுவதையும் செல்லாததாக்கிவிட்டது. நியூயார்க்கின் கமிஷன் சட்டத்துக்கு அந்தக் கதி வரவில்லை. அது வியாபாரத்தையும் நம்பிக்கைப் பொருளையும் பற்றியது. நம் அரசியல் சட்டத்திலும் மாநிலத்துக்குள் நடக்கிற வியாபாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஒப்பந்தமும் நம்பிக்கைப் பொறுப்பும் மத்திய அரசு, மாநில அரசு இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மத்தியச் சட்டத்தோடு எங்காவது இடித்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்க வழி இருக்கிறது. சினிமா, கலாசாரக் கலைஞர்களின் நலனுக்கு என்று 2024-இல் நம் கர்நாடகச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியதே, அந்த மனசு இதற்கும் வந்தால் போதும்.

நான் கேட்பது அரசு பணத்தில் ஒரு பைசா இல்லை. விற்கக் கொடுத்த படைப்பு, பணம் கைக்கு வரும்வரை கலைஞருடையது என்று ஒரு வரி வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், அளவு, விலை, கமிஷன் எழுதிய ரசீதைக் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். விற்றால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்று இருக்க வேண்டும். கடை மூடினால் பூட்டு விழுவதற்கு முன் எங்களுக்குத் தகவல் வர வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போகாமல் தாலுகா அளவிலேயே ஓர் அதிகாரி கேட்டுத் தீர்த்துவைக்க வேண்டும். நேர்மையான கடைக்காரர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. வாடகையும் விளக்கும் ஆளும் வைத்து விற்றுத் தருகிறார்கள், அவர்கள் கமிஷனை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பெங்களூரில் தஞ்சாவூர் ஓவியம் போடுகிற தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். மைசூர் ஓவியர்கள், கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மர வேலைக்காரர்கள் நிலைமையும் இதுதான். சட்டம் வரும்வரை எல்லோரும் ஒன்று செய்யுங்கள். கொடுக்கும்போதே முன்னும் பின்னும் படம் எடுத்து, ‘கமிஷனுக்கு விற்க மட்டும்’ என்று எழுதி இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், கன்னடத்திலும் தமிழிலும். என் ஒருத்தி கதை மட்டும் இருந்தால் அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். இதுபோல் படம் சிக்கிக்கொண்டவர்கள் எந்த மாதம் கொடுத்தது, எத்தனை ஓவியம், எவ்வளவு பணம் வரவேண்டும் என்று உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், அவற்றை எனக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். துண்டுச் சீட்டு, கார்டு எது இருந்தாலும் அதன் நகல் போதும். பங்குனி முடிவதற்குள் மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் ஓவியர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.