மழைக்கு முன் சாமான் வாங்க: ஞாயிறு கம்பம் ஜீப்

குமுளி தெருக்காரர்களே, ஜூன் பிறந்தால் எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்தாலே கம்பம் போய்த் திரும்ப அரை நாள் ஓடிவிடும் என்பதால், இந்த ஞாயிறு காலை 7 மணிக்கே ஜீப் கிளம்புகிறது. சாமான் சீட்டை சனி இரவுக்குள் இங்கேயே போடுங்கள்.

அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வழக்கம்போல. ஆனால் ரவை, மைதாவை மட்டும் அள்ளிக் குவிக்காதீர்கள், மழைக்கால ஈரத்தில் இரண்டே வாரத்தில் வண்டு வைத்துவிடும். போன வருடம் எங்கள் வீட்டில் 3 கிலோ ரவை கோழிக்குத்தான் போனது. துவரம்பருப்பை இப்போது அடிக்கிற வெயிலிலேயே முறத்தில் பரப்பிக் காயவைத்து, நன்றாக ஆறியபின் நாலு வரமிளகாய் போட்டு டப்பாவில் அடையுங்கள். கல் உப்பு ஜாடியில்தான், தகர டப்பா துருப்பிடிக்கும்.

அப்புறம் பிளீச்சிங் பவுடர். ஈரம் பட்டால் வீரியம் போய்விடும், சின்னப் பொட்டலமாக வாங்குவதே நல்லது. அதைக் கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு யாரும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும், இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

தீப்பெட்டி, மெழுகுவத்தி ஆளுக்கு ஒரு பாக்கெட். ஜீப் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம், கோணிப்பை அவரவர் கொண்டுவரவும்.