சயாம் ரயிலும் பாட்டியின் தோடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில், போரினாலும் நாலு நல்லது நடக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பென்சிலினைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான் போட்ட சயாம் ரயிலையும் சொன்னார். அன்றைக்குப் போட்ட தண்டவாளம்தான் இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சுற்றுலாக்காரர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது, ஊரே அதில் பிழைக்கிறது என்றார். பொய்யில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நானும் டிக்கெட் எடுத்து அந்தப் பாதையின் இன்றைய கடைசி நிலையமான நாம் தோக் வரை போய்வந்தவன். பாலம் வந்ததும் பெட்டியில் இருந்த எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். நான் போனது தாத்தாவைத் தேடி.

தாத்தா மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில், 1943ல், "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசியும் உண்டு" என்று தோட்டத்துக் கணக்கர், கிராணி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கே வந்து சொன்னாராம். லாரி ஏறினவர் திரும்பவில்லை. வாந்திபேதியில் போயிருப்பார் என்று திரும்பி வந்த ஒருவர் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்கு ஒரு விவரமும் தெரியாது.

415 கிலோமீட்டர் பாதை. கடல் வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகளின் தொல்லை இருந்ததால், பர்மாவில் இருந்த தன் படைக்குத் தரைவழியே சாமான் அனுப்ப ஜப்பானுக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. 1942ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர், அதில் இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இதைப்போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கல், கல்லில் பெயர், வயது. புல்லை வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் பொதுக்குழிகளில் கிடக்கிறார்கள்.

சரி, இதில் நன்மை அடைந்தது யார்? சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் (1951) முன்னாள் போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கினார்கள். கூலிகள் அந்தக் கணக்கில் இல்லை. ஜப்பான் ஆட்சியில் செத்தவர்களுக்கு ஈடு கேட்கும் 'ரத்தக் கடன்' என்ற பேச்சு எழுந்து, 1967ல் ஜப்பான் நம் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி தர ஒப்புக்கொண்டது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. நாட்டுக்குக் கப்பல் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. பாட்டி கடைசிவரை கப்பலைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். டோக்கியோவில், போரில் இறந்த ஜப்பானியர்களுக்கான யசுகுனி கோயிலை ஒட்டிய அருங்காட்சியகத்தில், அந்தப் பாதையின் திறப்புவிழாவில் ஓடிய சி56 நீராவி எஞ்சினைத் துடைத்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1979ல் தாய்லாந்திலிருந்து கொண்டுபோனதாம். எஞ்சின் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

பென்சிலின் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். பிளெமிங் அதைக் கண்டது 1928ல், சண்டை இல்லாத காலத்தில். ஆக்ஸ்போர்டில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது 1940ல். போர் செய்ததெல்லாம் அரசாங்கங்களின் பணப்பையைத் திறந்ததுதான். காயம்பட்ட சிப்பாய்க்குத் திறந்த பையை, சீழ்பிடித்துச் செத்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அதற்கு முன்பே ஏன் திறக்கவில்லை என்று அந்த வாசகரைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் நியாயமாக எழுதுவதென்றால் என் வீட்டுக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 1950ல் கொரியாவில் சண்டை மூண்டது. உலகமே ரப்பரை வாங்கிக் குவித்தது. விலை தாறுமாறாக ஏறியது. முதலாளிகளுக்குக் கொட்டியது, வெட்டுக்காரர் சம்பளமும் கூடியது. தோற்றுக் கிடந்த ஜப்பானுக்கும் அதே சண்டைதான் கைகொடுத்தது. ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்த டொயோட்டா, அமெரிக்க ராணுவம் கேட்ட லாரிகளால் எழுந்து நின்றது. தாத்தாவைக் கொண்டுபோன நாடும், தாத்தா இல்லாத எங்கள் லயமும் ஒரே சமயத்தில் மூன்றாவது ஒருவன் வீட்டுச் சாவில் கொஞ்சம் நிமிர்ந்தோம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

தாத்தா போகும்போது பாட்டி கையில் கொடுத்த முன்பணம் ஜப்பான்காரன் தன் ஆட்சியில் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டு. 1945ல் ஜப்பான் தோற்றதும் அது செல்லாக்காசாகிவிட, அதை வைத்து என் அப்பாவும் அத்தைகளும் கடை விளையாட்டு விளையாடினார்கள். ஆறு வருடம் கழித்து, 1951ல், ரப்பர் விலை உச்சியில் இருந்தபோது பாட்டி கல் வைத்த ஒரு ஜோடி தோடு வாங்கினார். அதற்கு வீட்டில் 'கொரியாத் தோடு' என்றே பெயர். தீபாவளிக்கு மட்டும் போடுவார். பிறகு கழற்றித் துணியில் முடிந்து, அந்த வாழைமர நோட்டுகள் இருந்த அதே பிஸ்கட் டின்னில் வைத்துவிடுவார்.

இப்போது அந்த டின் என் அக்காவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை பட்டாணி, கெடா