அண்டாவில் குறையுங்கள், இலையில் வையுங்கள்

தமிழ்நாட்டின் ஹோட்டல், மெஸ் உரிமையாளர்களுக்கும் சமையல் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

திருச்சியில் இருந்து எழுதுகிறேன். மோட்டார் பம்ப் உதிரிபாகம் விற்கும் வேலை. புதுக்கோட்டை, காரைக்குடி, மணப்பாறை, துறையூர் என்று வாரத்தில் ஆறு நாள் அலைச்சல். 19 வருடமாகக் காலை டிபனும் மதியச் சாப்பாடும் உங்கள் கடைகளில்தான். வீட்டில் உண்டதைவிட உங்கள் கையால் உண்டதுதான் அதிகம். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். சமையலில் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மருத்துவ முகாமில் சும்மா கையை நீட்டினேன். ரத்த அழுத்தம் 168/104 என்று காட்டியது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உப்பைப் பாதியாக்குங்க, இல்லேன்னா மாத்திரை மட்டும் தனியா போராடணும்" என்றார்.

வீட்டில் குறைப்பது பெரிய பாடாக இல்லை. கரண்டியில் கோபுரமாக உப்பு எடுத்த மனைவி, தலைதட்டி எடுக்க ஆரம்பித்தார். அப்புறம் முக்கால் கரண்டி. முதல் இரண்டு வாரம் எல்லாமே சப்பென்று இருந்தது, சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்த நாளும் உண்டு. ஒன்றரை மாதம் ஆனபோது எனக்கே தெரியாமல் நாக்கு மாறிவிட்டது. கத்தரிக்காய்க்கு இவ்வளவு ருசி உண்டு என்று 42 வயதில்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அதே வாரம் ஒரு மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிப் பிசைந்தபோது முதல் வாயே கரித்தது. பல வருடம் நான் ரசித்துச் சாப்பிட்ட அதே சாம்பார். அன்று சாயங்காலம் வரை தாகம் அடங்கவில்லை.

பரிமாறிய தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். "அண்டாவுல ஒரே உப்புதான் சார், உங்களுக்குன்னு தனியா எப்படி?" என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் அண்டாவுக்குச் சொந்தக்காரர்களான உங்களுக்கே எழுதுகிறேன்.

இது என் ஒருவனுடைய சங்கடம் என்றால் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு போய்விடுவேன். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பின்படி, 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. அவர்களில் அது கட்டுக்குள் இருப்பது நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான். உங்கள் கடையில் ஒரு பந்திக்கு முப்பது பேர் உட்கார்ந்தால் அதில் பத்துப் பேர் என்னைப் போன்றவர்கள். பலருக்கு அது இன்னும் தெரியாது. உப்பில் உள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அதன் முடிவு பக்கவாதமாக, மாரடைப்பாக, சிறுநீரகக் கோளாறாக வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நம் நாட்டுச் சராசரி 8 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது, ஆண்களுக்கு 8.9.

உங்களால் எளிதாகப் போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. மாதம் எத்தனை கிலோ உப்பு வாங்குகிறீர்கள், எத்தனை இலை போடுகிறீர்கள்? ஒரு கிலோ உப்பில் 200 சாப்பாடு என்றால் ஆளுக்கு 5 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் உரிய உப்பு ஒரே வேளையில் முடிந்தது. கொஞ்சம் கழிவில் போகும் என்று வைத்துக்கொண்டாலும், காலை டிபனும் ராத்திரிப் பரோட்டாவும் இன்னும் கணக்கில் வரவில்லை. கல்லாவில் இருக்கும் நோட்டைப் புரட்டி ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு உப்பு எங்கே நுழைகிறது என்று சாப்பிடுகிற இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு தட்டு இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவிலேயே உப்பு இருக்கிறது. சாம்பாரில் உப்பு, தேங்காய்ச் சட்னியில், காரச் சட்னியில், பொடியில் உப்பு. மாஸ்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக உள்ளங்கையில் விட்டு, ருசி பார்த்து, அதுவே முழுச் சாப்பாடு என்பதுபோல உப்பைச் சரி செய்கிறார். சாப்பிடுகிறவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாயாக வைக்கிறார். மாவில் உப்பு இருக்கும்போது சட்னியில் பாதி போதும். இட்லியைத் தொட்டு ருசி பாருங்கள், தெரியும்.

அடுத்தது சாம்பார். 11 மணிக்கு அளவாக இறங்கிய சாம்பார், அடுப்பிலேயே இருந்து 2 மணிக்குச் சுண்டிக் கரிக்கும். வெந்நீர் விட்டு இளக்குகிறீர்கள், சரி. அந்த நேரத்தில் கையோடு ஒரு பிடி உப்பும் விழுகிறதே, அதை நிறுத்தினாலே போதும். கொதிக்கக் கொதிக்க ருசி பார்க்கும்போது நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியாது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு கரண்டி எடுத்து ஆறவிட்டுப் பாருங்கள். சோடா உப்பும் அப்பளக்காரமும்கூடச் சோடியம்தான். அவை கரிப்பதில்லை என்பதால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டில் கற்ற ஒன்றையும் சொல்கிறேன். உப்பை மட்டும் குறைத்தால் வத்தக்குழம்பில் புளி தூக்கிக்கொண்டு நிற்கும். கூடவே புளியையும் இறக்க வேண்டும். பொரியலுக்கு உப்பைக் கடைசியில் தூவினால் குறைவாகப் போட்டாலும் நாக்கில் படுகிறது.

"உப்பு குறைந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார்" என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஒரே நாளில் பாதியாக்கினால் நானே எழுந்து போயிருப்பேன். பிரிட்டனில் கடையில் விற்கும் ரொட்டியில் இருந்த உப்பை 2001 முதல் 2011 வரை சிறுகச் சிறுக இறக்கினார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்காக ரொட்டி வாங்குவதை யாரும் விட்டதாகத் தெரியவில்லை. பத்தில் ஒரு பங்கு குறைத்து, இரண்டு மாதம் அப்படியே விட்டு, மறுபடி பத்தில் ஒரு பங்கு என்று போனால் உங்கள் கடையிலும் யாரும் வாளியைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஊரில் நாலு கடை பேசி வைத்துக்கொண்டு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

இதற்கு நம் பந்தியிலேயே வழி இருக்கிறது. இலை போட்டதும் ஓரத்தில் முதலில் உப்பை வைப்பது நம் வழக்கம். பல மெஸ்களில் அது எப்போதோ நின்றுபோனது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அண்டாவில் குறைத்துவிட்டு இலையில் வையுங்கள். வெயிலில் மூட்டை தூக்கி, வியர்த்து வருகிறவர் வேண்டிய அளவு தொட்டுக்கொள்வார். எனக்கு வேண்டாம் என்றால் நான் தொடமாட்டேன். குழம்பில் கரைந்துவிட்ட உப்பை யார்தான் பிரித்து எடுக்க முடியும்?

அப்புறம், "இங்கே கல் உப்பு மட்டும்", "இந்துப்பில் சமைத்தது" என்று சில கடைகளில் பலகை பார்க்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் வைக்கிறீர்கள். ஆனால் கல் உப்போ, தூளோ, இந்துப்போ, எல்லாமே சோடியம் குளோரைடுதான். எடைக்கு எடை வித்தியாசம் மிகவும் சொற்பம். அயோடின் கலந்த உப்பையே வைத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. யார் வந்து உட்காருவார் என்று தெரியாத இடத்தில் அதைப் போட்டுச் சமைக்க வேண்டாம். வீட்டில் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்துவது வேறு.

கல்யாண மாஸ்டர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பந்தியில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம் எல்லாம் ஒரே இலையில் வந்து நிற்கின்றன. பந்தியில் உட்காருகிறவர்களில் வயதானவர்களும் நிறைய. ஊறுகாயைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ரசத்தில் தொடங்குங்கள். மிளகும் சீரகமும் பூண்டும் கொத்தமல்லியும் இருக்கும் இடத்தில் உப்பு பத்தில் ஒன்று குறைந்தது யார் நாக்குக்கும் தெரியாது. நானோ அதை இரண்டு டம்ளர் வாங்கிக் குடிக்கிற ஆள்.

அடுத்த வாரமும் புதுக்கோட்டைப் பக்கம் வருகிறேன். இலையில் உப்பு வைக்கிற தம்பி என்னிடம் வந்தால் வேண்டாம் என்று கை காட்டுவேன். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைகளில் தினமும் சாப்பிடும் ஒருவன்,
திருச்சி