இலக்கு வைத்தவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க நிறுவனத் தலைவர்களின் வெற்றியைப் போற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை எங்கள் வட்டார இளைஞர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வங்கி வேலைக்குப் போவது எனக்கும் பெருமைதான். ஆனால் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததையும் அவர்கள் அறிய வேண்டும்.

ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுச் சேவைகளைக் கட்டிவிட வேண்டும் என்று அங்கே மேலிடம் இலக்கு வைத்தது. நெருக்கடி தாங்காத ஊழியர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் குட்டு வெளிப்பட்டபோது, ஏறக்குறைய 5,300 ஊழியர்களை வங்கி வேலைநீக்கம் செய்திருந்தது. வங்கிக் கிளைகளை நடத்திய பிரிவின் தலைவியாக இருந்த கேரி டோல்ஸ்டெட், அரசுத் தணிக்கைக்கு இடையூறு செய்ததாக ஒப்புக்கொண்டார். 2023இல் அவருக்குக் கிடைத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் அபராதமும். சிறை இல்லை!

நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். பால் நிறுக்கும் வேலை என்னுடையது. மழைக்காலத்தில் மரத்தில் பால் குறையும். நிர்வாகம் கேட்கும் எடை குறையாது. அப்படி ஒரு நாள் ஓர் அம்மாவின் வாளியில், பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலேக் கருவியை மிதக்கவிட்டபோது, தண்ணீர் கலந்திருப்பது தெரிந்தது. அவர் மறுக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, “எடை குறைந்தால் பாதிச் சம்பளம்தானே ஐயா” என்றார். அன்றைய சம்பளம் முழுவதையும் அவர் இழந்தார். மழையிலும் அதே எடையைக் கேட்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியில் பெரும் பணம் சுருட்டப்பட்ட விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் அதற்காக 650 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை விற்றுக்கொடுத்து, ஏறக்குறைய 60 கோடி டாலர் கட்டணம் பெற்றது. 2019இல் அதன் தலைவர் மலேசியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். டிம் லைஸ்னர் என்ற அந்நிறுவன அதிகாரி செய்ததற்காக! அடுத்த ஆண்டே லஞ்சச் சதியில் நிறுவனத்துக்கும் பங்கு உண்டென்று அது ஒப்புக்கொண்டது. இத்தனை பெரிய தொகை எப்படி வந்தது என்று மேலே இருந்தவர்கள் துருவிக் கேட்டிருக்க வேண்டாமா?

ஈப்போவில் கடன் அட்டை விற்கும் என் பேத்திக்கும் மாத இலக்கு உண்டு. மாதக் கடைசி வந்தால் உறவினர் ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்சுகிறாள். அவளைப் போன்றவர்கள் படிக்கும் அதே ஞாயிறு பக்கத்தில், வேலையிழந்த அந்த வங்கி ஊழியர்களைப் பற்றியும் விரிவாக வெளியிடுங்கள். இலக்கு வைத்தவர்களின் பெயர்களும் அதில் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்