உன் அப்பாவின் மைனருக்கு என்ன தண்ணீர் விடுவது?

கோண்டாவில்
ஆனி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய் என்று வாசித்ததும் மனைவியிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். இங்கே சோளகக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. உங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. நீ வரும்வரைக்கும் தாங்காது, அணில் விடாது.

அப்பாவின் பழைய மொறிஸ் மைனர் காரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கிருந்து ஒரஞ்சு நிறக் கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரோடு கலக்கும் திரவம், இரண்டு போத்தல் கொண்டு வரட்டோ என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாசி மாதம் நானும் மனைவியும் அந்தக் காரில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனோம். திரும்பி வரும்போது ஆனையிறவில் இழுவை குறைந்தது, பிறகு முன்மூடிக்குள்ளிருந்து ஆவி. மைனரில் சூடு காட்டும் முள் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆவி வந்துதான் சொல்லும். நிழலே இல்லாத அந்த வெளியில் ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். நன்றாக ஆறிய பிறகுதான் துணி சுற்றி றேடியேற்றர் மூடியைத் திறந்தேன். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதித்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கவும் கூடும்.

வீட்டுக்கு வந்து, எஞ்சின் தண்ணீரை ஆற்றுகிற அந்த றேடியேற்றரைக் கையால் தடவிப் பார்த்தேன். ஓரங்கள் சுட்டன, நடுப்பகுதி குளிர்ந்து கிடந்தது. உள்ளே குழாய்கள் அடைபட்டிருந்தன. அடைத்தது நம்முடைய கிணற்றுத் தண்ணீர். நம் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். அம்மாவின் கேத்திலுக்குள் ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதேதான் றேடியேற்றருக்குள்ளும். அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. கடலை அண்டிய கிணறுகளில் உப்பும் சேர்ந்திருக்கும், அது உலோகத்தை அரிக்கும். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணிய நாட்களில், கூலன்றை யார் கண்டது? கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினோம். அதற்காக அப்பாவையோ வேறு எவரையோ குறை சொல்ல மாட்டேன். ஆனால் தடை நீங்கிய பிறகும் நான் அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தது பிழை.

றேடியேற்றரைக் கழற்றி ஈயம் பற்றுகிற ஒருவரிடம் கொடுத்தேன். மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார். வந்த மண்ணை நீ பார்த்திருக்க வேண்டும். எஞ்சின் புளொக்கின் வடிகால் திருகியைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை, கம்பியால் குத்திய பிறகுதான் செங்கல் நிறத்தில் சேறு வந்தது. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்ராற்றை யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருந்தார்கள். சூடு பிடிக்கிறது என்றால் முதலில் அதைக் கழற்றுவது இங்கே பழக்கம். அது இல்லாமல் ஓடினால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது, ஒயிலும் கெடும். புதிதாக ஒன்று வாங்கிச் சுடுதண்ணீர்ச் சட்டியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பூட்டினேன்.

இனிக் கூலன்றுக்கு வருகிறேன். நீ சொல்லும் ஒரஞ்சு வகை அலுமினியம் நிறைந்த புதுக் கார்களுக்காகச் செய்தது. மைனரில் இருப்பது வார்ப்பிரும்பு எஞ்சின், செம்பும் பித்தளையும் ஈயத்தால் பற்றிய றேடியேற்றர். இதற்குப் பழைய முறையில் செய்த, சிலிக்கேற்று சேர்ந்த கூலன்றே பாதுகாப்பு. பெரும்பாலும் அது பச்சை நிறத்தில் வரும். ஆனால் நிறத்தை நம்பாதே, கொம்பனிக்குக் கொம்பனி மாறும். போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். இரண்டு வகையையும் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்து வலுவிழந்துவிடும், சிலவேளை கூழாகவும் திரளும்.

உனக்கு அங்கே பனியில் உறையாமலிருக்கப் பாதிக்குப் பாதி வேண்டும். இங்கே உறைவதற்கு என்ன இருக்கிறது? நமக்கு வேண்டியது அரிப்புத் தடுப்பு. மூன்றில் ஒரு பங்கு போதும். கூடவிட்டால் நல்லதென்றும் இல்லை, சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. மைனருக்கு ஐந்தரை லீற்றர் அளவில் பிடிக்கும். இரண்டு லீற்றர் கூலன்றும் மூன்றரை லீற்றர் காய்ச்சி வடித்த தண்ணீரும் விட்டேன். பற்றறிக்கு விடுகிற அதே தண்ணீர்தான், ஆனால் அமிலம் கலந்த போத்தலை மாறி எடுத்துவிடக் கூடாது. கலந்தே விற்கும் போத்தலென்றால் மேலே தண்ணீர் சேர்க்கவே கூடாது. எப்படியும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். திகதியை எழுதி முன்மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, நீ வந்ததும் றேடியேற்றரை விளிம்புவரை நிரப்பிவிடாதே. இந்தக் காரில் மிகுதி போய்ச் சேர்வதற்குத் தனிப் போத்தல் இல்லை. விரிவடையும் நீர் குழாய் வழியாக நிலத்தில் கொட்டும். உள்ளே குழாய்களைத் தண்ணீர் மூடி நின்றால் போதும். கொட்டுவது வீணாகப் போகிறது என்பதல்ல என் கவலை. கூலன்ற் இனிப்பானது, நஞ்சு. உங்கள் வளவுக்குள் பக்கத்து வீட்டு நாய் வந்து போகிறது, என் பேத்தியும் தவழத் தொடங்கிவிட்டாள். மிச்சப் போத்தலை அலுமாரியில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

வைகாசியில் திரும்ப முறிகண்டிக்குப் போய் வந்தேன். உச்சி வெயிலில் ஆனையிறவைக் கடந்தும் ஆவி இல்லை.

அதனால் கூலன்ற் வேண்டாம். கொண்டு வருவதென்றால் ஒரு றேடியேற்றர் மூடி கொண்டு வா. இங்கே கடையில் கிடைப்பது புது ஜப்பான் கார்களுக்கானது, அமுக்கம் கூடியது, றேடியேற்றரின் பழைய ஈயப் பற்றுகளைப் பிரித்துவிடும். மைனருக்கு 7 இறாத்தல் மூடி, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்துக்கானது, வேண்டும். அதுவே தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 பாகை செல்சியசுக்கு உயர்த்தும். அங்கே பழைய பிரித்தானியக் கார்களுக்குச் சாமான் விற்பவர்களிடம் கேட்டுப் பார். மேல் கீழ் இறப்பர்க் குழாய் இரண்டும் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது, இப்போது இருப்பவை அழுத்தினால் வெடிப்புக் காட்டுகின்றன.

அன்புடன்,
உன் நண்பன்