ஒரே இரவில் அடங்காத பருவம்

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அதிர்ச்சித் தோல்விகள் குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரை, வர்ஜீனியா பல்கலைக்கழக ஆடவர் அணியின் 2017-18 பருவத்தை ஒரே ஓர் ஆட்டமாகச் சுருக்கியிருப்பது சரியல்ல. தேசியப் போட்டியின் முதல் சுற்றில், முதல் தரநிலையில் இருந்த அந்த அணி, கடைசித் தரநிலையான 16-இல் இருந்த யு.எம்.பி.சி. (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) அணியிடம் 74-54 என்று தோற்றது உண்மைதான். முதல் தரநிலை அணி ஒன்று அவ்வாறு வீழ்ந்தது ஆடவர் பிரிவில் அதுவே முதல்முறை. ஆயினும் அதற்கு முன் 31 வெற்றிகள், இரண்டே தோல்விகள் என்று ஆடி, தான் சேர்ந்த கல்லூரி அணிகளின் குழுவான அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் பட்டத்தையும் வென்றிருந்த அணி அது என்பதையும், அதன் முக்கிய வீரர் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டுக் காயத்தால் அன்று ஆடவில்லை என்பதையும் கட்டுரை குறிப்பிடவே இல்லை.

அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். இடைவேளையில் இரு அணிகளும் 21-21 என்று சமநிலையில்தான் இருந்தன. நழுவியது இரண்டாம் பாதி மட்டுமே. மறு ஆண்டே, பயிற்சியாளர் டோனி பென்னட்டின் அதே அணி, கூடுதல் நேரம் வரை சென்ற இறுதியாட்டத்தில் டெக்சாஸ் டெக்கை 85-77 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. இனி இத்தகைய கட்டுரைகளுடன் அணியின் முழுப் பருவ வெற்றி தோல்விக் கணக்கையும் சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்