கதவோரத்து நூல்

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். குழுத் தலைவியாகி ஆறு மாதம் ஆகிறது, வாரா வாரம் கூட்டம் போட்டு 'புதிதாக ஏதாவது சொல்லுங்கள்' என்று கேட்கிறேன், ஒன்பது பேரும் வாயே திறப்பதில்லை என்றாய். போனை வைக்கும் முன், "அவர்களுக்கு யோசனையே வராது போலிருக்கிறது, அப்பா" என்றாய். மில்லில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் நானும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு தவறு என்பதை ஒரு முறையாவது உன்னிடம் முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

1994-ஆம் ஆண்டு, சித்திரை மாதம். பஞ்சை நூலாக நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின்கள் இருந்த பகுதியில் பகல் ஷிப்ட் என் பொறுப்பு. கிழக்குக் கதவை ஒட்டிய நான்கு மெஷின்களில் மதியத்துக்கு மேல் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பஞ்சைக் குறை சொன்னோம், உருளையைக் குறை சொன்னோம், வேலை செய்யும் பெண்களையும் குறை சொன்னோம். ஒருநாள் அந்த மெஷினில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "ஐயா, வண்டி போகும்போதெல்லாம் அந்தக் கதவைத் திறந்து போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அதிகமாக அறுகிறது. வண்டியை மேற்குக் கதவு வழியாக விட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"நீ நூலை ஒட்டு. கதவைப் பற்றி யோசிக்க நாங்கள் இருக்கிறோம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

பருத்தி நூலுக்கு ஈரப்பதம்தான் உயிர். நூற்கும் இடத்தில் அது 55 முதல் 60 விழுக்காடு வரை இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கதவைத் திறந்தால் வறண்ட காற்று உள்ளே வந்து, பஞ்சு இழைகளின் பிடிப்பும் பலமும் குறைந்து நூல் அறுந்துபோகும். எனக்குத் தெரியாத பாடமா இது? நான்கு மாதம் கழித்து ஒரு பொறியாளர் ஈரப்பத மானியோடு வந்து கதவருகே நின்று அதையேதான் சொன்னார். வண்டியை மேற்குக் கதவு வழியாக விட்டோம், நூல் அறுந்துபோவது குறைந்தது. என்னையும் சேர்த்துப் பாராட்டினார்கள். அந்த அம்மாவின் பெயரை அன்றைக்கு நான் எடுக்கவில்லை, அம்மணி. கதவு விஷயத்தைவிட இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு என் ஷிப்டில் யாரும் எதுவும் சொன்னதில்லை. அவரிடம் நான் பேசிய விதத்தை முப்பது பேர் பார்த்திருந்தார்கள். அந்த முப்பது பேரைத்தான் 'யோசனை இல்லாதவர்கள்' என்று மேலாளரிடம் சொன்னேன்.

டொயோட்டா என்றால் உங்கள் தலைமுறைக்குக் கார். எங்களைப் போன்ற மில்காரர்களுக்கு அது முதலில் தறி. அந்தக் கம்பெனிக்கு வித்திட்ட ஜப்பானியர் சகிச்சி டொயோடா 1924-இல் கொண்டுவந்த தானியங்கித் தறியில், இழை ஒன்று அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பழுதோடு நெய்துகொண்டே போவதைவிட நிறுத்திச் சரிசெய்வது மேல் என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். அதே எண்ணத்தைக் கார் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். அங்கே சாதாரணத் தொழிலாளி தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் அவரிடம் வந்து நிற்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் கார் தயாராகும் வரிசையே நிற்கும். 1951-இல் தொழிலாளர்களின் யோசனைகளைக் கேட்டுப் பெறும் முறையையும் அங்கே தொடங்கினார்கள். கயிறு எல்லோரும் கட்டலாம். இழுத்தவரிடம் போய் நிற்பவர் எந்த முகத்தோடு நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் நின்ற முகம் உனக்கு இப்போது தெரியும்.

நீ வைக்கும் கூட்டமும் ஒரு கயிறுதான். போன ஆறு மாதத்தில் யாராவது ஒருவர் ஒரு முறையாவது அதை இழுத்திருப்பார். அவருக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துப் பார். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மறந்துபோனாயா? மேலே இருப்பவர்களிடம் அதை உன் யோசனை போலச் சொன்னாயா? கோபப்படாதே. உன்னைப் பெற்றவன் இரண்டையும் செய்தவன்.

இன்னொன்று, நேரம். உன் குழுவுக்கு மூச்சு விட நேரம் இல்லை என்று நீயே சொல்கிறாய். 3எம் (3M) என்ற அமெரிக்க நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் உப்புத்தாளைச் சோதிக்கக் கார் பட்டறைகளுக்குப் போய்வந்தார். காருக்கு இரு வண்ணம் பூசும்போது ஒட்டிய காகிதத்தை உரித்தால் வண்ணமும் சேர்ந்து உரிந்து வருவதைப் பார்த்து, அதற்கு ஒரு டேப் செய்ய முனைந்தார். மேலதிகாரி மக்நைட் அதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கச் சொன்னார். ட்ரூ விடவில்லை. மக்நைட் அதைப் பார்த்தும் தடுக்கவில்லை. 1925-இல் அந்த டேப் வந்தது. பிற்பாடு அங்கே வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைச் சொந்த முயற்சிக்குச் செலவிடலாம் என்ற வழக்கமே உருவாயிற்று. உன்னால் அவ்வளவு முடியாது, தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரத்தை அவர்களிடமே விட்டுவிடேன்.

கூட்டத்தில் நீ முதலில் பேசாதே. நீ பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள். புதிதாகச் சேர்ந்தவரிடம் கூட்டத்தில் கேட்காமல் அவர் இருக்கைக்கே போய்க் கேள். முடியாத யோசனை என்றால் ஏன் முடியாது என்று அந்த வாரத்திலேயே சொல். செய்து பார்த்துத் தோற்றால் மேலே போய் நீ நின்றுகொள். ஜெயித்தால் அவரை அனுப்பு.

போன மாதம் உக்கடம் பஸ் நிலையத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். முடியெல்லாம் நரைத்துவிட்டது. அருகில் போய், அன்றைக்கு நான் பேசியது தவறு என்று சொன்னேன். "அதை விடுங்கள் ஐயா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதற்குப் பிறகும் இரண்டு மூன்று விஷயம் கண்ணில் பட்டது. சொல்லவில்லை" என்றார். என்ன என்று கேட்டேன். பஸ் வரும்வரை நின்று சொன்னார். ஒன்று, மெஷினில் நூலை முறுக்கச் சுழலும் கதிர்களைத் துடைக்கும் நேரத்தைப் பற்றியது. அவர் சொன்னது சரி. பதினெட்டு வருடம் அந்த மெஷின்களுக்கு நடுவே நடந்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

அடுத்த கூட்டம் புதன்கிழமைதானே? அன்று இரவு போன் செய். முதலில் யார் பேசினார், நீ என்ன பதில் சொன்னாய் என்று சொல்.

அன்புடன்,
அப்பா